வேலை பார்த்த அஞ்சு வருஷத்தைக் காணோம்

ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டு, ஆபீஸ் கவுன்ட்டர்ல இருந்த சார் மானிட்டரை என் பக்கம் லேசா திருப்பி, "நீங்களே பாருங்கம்மா, சர்வீஸ் 11 மாசந்தான் காட்டுது"ன்னாரு. கண்ணு கொஞ்சம் மங்கலாத் தெரியுது அப்பல்லாம், கீமோ போட்டா அப்படித்தான் இருக்கும்னு சொல்லியிருந்தாங்க, அதனால கிட்டக்க போய் பார்த்தேன். என் பேரு, என் ஆதார்ல இருக்கற போட்டோ, வேலைக்குச் சேர்ந்த தேதின்னு ஒரு கட்டம், அதுல 2022 செப்டம்பர்.

நான் அந்த பம்ப் கம்பெனிக்குள்ள மொதமொதல்ல கால் வெச்சது 2017 ஜூன்ல. பெரியவளை ஏழாவது சேர்த்து விட்ட வாரம், மறக்கவே மறக்காது.

"சார், நான் அஞ்சாறு வருஷமா அங்கதான் இருக்கேன்"ன்னேன். அவரு கோபப்படல, எரிஞ்சு விழல. "உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு யாரும்மா இல்லைங்கறாங்க, அதுக்குத்தான் டாக்டர் சர்டிபிகேட் இருக்கே. சர்வீஸ் இல்லையே, நான் என்ன பண்ண"ன்னாரு. வீட்டுக்கு வர்ற வழி பூரா ஆட்டோவில இதையேதான் யோசிச்சுட்டு வந்தேன். தலையில முடி இல்ல, புருவம் இல்ல, நகமெல்லாம் கறுத்துப் போச்சு, நான் நோயாளிங்கறதுக்கு எந்த அத்தாட்சியும் தேவையில்ல, ரோட்ல போறவங்களே நம்பிக்கறாங்க. நான் வேலைக்காரிங்கறதைத்தான் நிரூபிக்க வேண்டியதாப் போச்சு.

மொதல்ல இருந்து சொல்றேன், இல்லன்னா புரியாது.

எங்க வேலை வைண்டிங். மோட்டார் ஸ்டேட்டர்ல, அதாவது மோட்டாருக்குள்ள சுத்தாம நிக்கற பாகத்துல, ஒவ்வொரு ஸ்லாட்டுக்குள்ளயும் இன்சுலேஷன் பேப்பர் சொருகி, தாமிரக் கம்பியை ஒவ்வொண்ணா இறக்கி, மேல குச்சி வெச்சு அடைச்சு, நூல் போட்டு இறுக்கிக் கட்டணும். கோயம்புத்தூர் பக்கம் பொம்பளைங்க நிறைய பேரு இந்த வேலைதான் பார்க்கறோம், விரல் மெலிசா இருக்கணும், பொறுமை வேணும்னு சொல்லி நம்மளைத்தான் வைப்பாங்க. கம்பெனி ஒண்ணுதான், ஆனா நாங்க கம்பெனி ஆளுங்க கிடையாது, கான்ட்ராக்ட். 2022 ஆகஸ்ட்டோட பழைய கான்ட்ராக்டர் போயி செப்டம்பர்ல புதுசா ஒருத்தர் வந்தாரு. எங்களுக்கு அதே ஷெட்டு, அதே டேபிள், அதே சூப்பர்வைசர், பே ஸ்லிப்புல மேல இருக்கற பேரு மட்டும் மாறுச்சு. ஒரு நாள் கூட லீவு விடல.

சம்பளம் மாசம் 14,300. அதுல ஈஎஸ்ஐக்கு எங்க பங்கு முக்கால் பெர்சென்ட், 107 ரூபாய் 25 காசு வரும், மேல ரவுண்டு பண்ணி 108 பிடிப்பாங்க. ஆம்புலன்ஸ் நம்பர்னு நாங்களே கிண்டல் பண்ணிக்குவோம். முதலாளி பங்கு 3.25 பெர்சென்ட் தனி. எங்கப்பா மில்லு தொழிலாளி, ஈஎஸ்ஐங்கறது எங்க வீட்ல ரேஷன் கார்டு மாதிரி. தமிழ்நாட்டுலயே மொதல்ல இந்தத் திட்டம் வந்தது கோயம்புத்தூர்லதான், 1955-ல. நான் பொறந்தது கூட ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியிலதான்னு அம்மா சொல்லும். அதனால அந்த 108 ரூபாயை ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்ல. பார்த்திருக்கணும். எந்த நம்பருக்குப் போகுதுன்னாவது பார்த்திருக்கணும்.

2023 ஜூலையில மார்புல கட்டின்னு தெரிஞ்சுது. 24-ம் தேதி அட்மிஷன், 26-ம் தேதி ஆபரேஷன், அதுக்கப்புறம் 21 நாளைக்கு ஒருக்கா கீமோ, மொத்தம் எட்டு. வைத்தியத்துக்கு நயா பைசா கேட்கல, ரெஃபரல் போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சு எல்லாமே நடந்துச்சு, அதை நான் எங்க வேணா சொல்லுவேன். பிரச்சனை வந்தது சம்பளத்துக்குப் பதிலா வர்ற காசுல.

அது எப்படின்னா, உடம்பு முடியாம லீவுல இருந்தா 70 பெர்சென்ட் சம்பளம் தருவாங்க, வருஷத்துல அதிகபட்சம் 91 நாளைக்கு. முதல் ரெண்டு நாளுக்குக் கிடையாது. இதுக்கு முந்தின ஒரு அரை வருஷக் கணக்குல 78 நாள் காசு கட்டியிருந்தாப் போதும். எனக்கு ஜூலை 26-ல இருந்து அக்டோபர் 24 வரைக்கும் நாளுக்கு 385 ரூபாய் வீதம் 35,035 பேங்க்ல விழுந்துச்சு, ஒரு கேள்வி கேட்கல. 91 நாள் முடிஞ்சதும் பெரிய வியாதிங்களுக்குன்னு நீட்டிச்ச சலுகை ஒண்ணு இருக்கு, 34 வியாதி லிஸ்ட்ல இருக்கு, கேன்சர், டிபி, கிட்னி ஃபெயிலியர் எல்லாம் வரும். அதுல 80 பெர்சென்ட், ரெண்டு வருஷம் வரைக்கும் நீட்டிக்கலாம். ஆனா அதுக்கு வியாதி வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் தொடர்ந்து வேலையில இருந்திருக்கணும், நாலு அரை வருஷக் கணக்குல 156 நாளாவது காசு கட்டியிருக்கணும்.

இங்கதான் மாட்டிக்கிட்டேன். புது கான்ட்ராக்டர் வந்தப்ப அவரோட கணக்கு பார்க்கற கன்சல்டன்ட் எங்களை எல்லாம் ஆன்லைன்ல ஏத்தியிருக்காரு. அதுல 'ஏற்கனவே ஈஎஸ்ஐ நம்பர் இருக்கா'ன்னு ஒரு கேள்வி வருமாம். இருக்குன்னு கொடுத்தா பழைய நம்பரைத் தேடிப் போடணும், இல்லைன்னு கிளிக் பண்ணா புது நம்பர் வந்துரும், வேலை சுலபம். 40 பேரையும் 'இல்லை'ன்னு போட்டு ஏத்திட்டாரு. பழைய நம்பர்ல எங்கப்பா பேரு இனிஷியல், புது நம்பர்ல வீட்டுக்காரர் பேரு. கம்ப்யூட்டருக்கு நாங்க ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி அஞ்சு வருஷம் வேலை பார்த்துட்டு 2022 ஆகஸ்ட்ல காணாமப் போயிட்டா, இன்னொருத்தி செப்டம்பர்ல புதுசா வந்து 11 மாசத்துல கேன்சர் வந்து படுத்துட்டா.

இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. வேற ஒரு கம்பெனியில இருக்கற யூனியன் அண்ணன் ஒருத்தர், எங்க வீட்டுக்காரர் மூலமா பழக்கம், அவருகிட்ட போன்ல சொன்னப்ப ரெண்டே நிமிஷத்துல "ஏனுங்க, கான்ட்ராக்டர் மாறுனாரா? அப்ப ரெண்டு நம்பர் இருக்கும். பழைய கார்டு வெச்சிருக்கீங்களா"ன்னு கேட்டாரு. பீரோல துணிக்கடியில இருந்துச்சு.

இப்ப உடம்பு விஷயத்தைச் சொல்லணும், ஏன்னா சட்டத்தை விட அதுதான் பெரிய சிக்கல். சிவப்பு ஊசின்னு சொல்லுவாங்க, மொதல் நாலு கீமோ அதுதான், ஒண்ணுக்கே சிவப்பாப் போகும். போட்டுட்டு வந்தா அஞ்சு நாள் நான் மனுஷியே இல்ல. அப்புறம் ரெண்டாவது வாரம் வெள்ளணு இறங்கிரும், கூட்டத்துக்குள்ள போகக்கூடாது, காய்ச்சல் வந்தா உடனே ஓடணும். மூணாவது வாரத்துல ஒரு நாலஞ்சு நாள் நல்லாயிருக்கும், வாய்க்கு ருசி தெரியும், படி ஏறலாம். அதாவது 21 நாள்ல எனக்குன்னு இருக்கறது நாலஞ்சு நாள். அதுலயும் சனி ஞாயிறு போகும். அக்டோபர் 27 போட்ட ஊசிக்கு நல்ல நாள் நவம்பர் 12-ல இருந்து 16 வரைக்கும் வந்துச்சு, 12 தீபாவளி. புள்ளைங்களோட உட்கார்ந்து ஒரு முறுக்கு தின்ன வேண்டிய நாளு, நான் 15-ம் தேதி போய் அந்த கவுன்ட்டர்ல நின்னேன். மேல நீங்க படிச்சது அன்னைக்கு நடந்ததுதான்.

அன்னைக்கு ராத்திரி பெரியவ (காலேஜ் மொதல் வருஷம்) காலண்டர்ல மூணு கலர்ல வட்டம் போட்டா. சிவப்பு, அம்மாகிட்ட யாரும் எந்தப் பேப்பர் பத்தியும் பேசக் கூடாது. மஞ்சள், போன் மட்டும். பச்சை, ஆபீஸ். என் மாமியார் அந்தக் காலண்டரைப் பார்த்துட்டு "இதென்ன மாட்டுப் பொங்கலா"ன்னாங்க. சிரிப்பா இருந்தாலும் எனக்கு அதுதான் உதவுச்சு. முன்னெல்லாம் ஊசி போட்ட மறுநாளே படுத்துக்கிட்டே கான்ட்ராக்டர் ஆபீஸுக்கு போன் போட்டு, அவங்க நாளைக்குக் கூப்பிடுங்கன்னு சொல்ல, நான் அழுது, பிரஷர் ஏறி... அதெல்லாம் வீண். அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு எந்த அவசரமும் இல்ல, நம்ம தெம்புதான் செலவாகுது. தகவல் உரிமைச் சட்டத்துல ஆர்டிஐ போடலாமான்னு கூட கேட்டேன், 10 ரூபாய் கட்டி போட்டா 30 நாள்ல பதில் தரணும். அண்ணன் "வேணும்னா போடலாங்க"ன்னாரு. எனக்கு 30 நாள்னா ஒன்றரை கீமோ. வேண்டாம், பேப்பரைச் சேர்ப்போம்னு முடிவு பண்ணோம்.

மறதி வேற. காலையில யாருகிட்ட பேசுனேன்னு சாயங்காலம் ஞாபகம் இருக்காது. அதனால சின்னவனோட பழைய கணக்கு நோட்டுல பின்பக்கம் இருந்து எழுத ஆரம்பிச்சேன், தேதி, மணி, யாரு, என்ன சொன்னாங்க. எந்தப் பேப்பரைக் கொடுத்தாலும் மொதல்ல போட்டோ, அப்புறம் ஜெராக்ஸ்ல வாங்கிக்கிட்டோம்னு ஆபீஸ்ல போடற இன்வர்டு சீல். சீல் இல்லாம எதையும் கொடுக்காதீங்க. நான் ஒரு தடவை கொடுத்துட்டு வந்து, அது எங்க போச்சுன்னே தெரியல, மறுபடி அந்தக் கையெழுத்துக்கு ரெண்டு வாரம்.

கையெழுத்துன்னதும் ஞாபகம் வருது. நவம்பர் 17-ல இருந்து மருந்து மாத்துனாங்க, இது வேற மாதிரி, வாந்தி இல்ல, ஆனா விரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சு. ஸ்டேட்டருக்குள்ள முடி அளவு கம்பியை கண்ணை மூடிக்கிட்டு இறக்குன விரல், சட்டை பட்டன் போட முடியல. கிளெய்ம் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டா பேனா வழுக்கிட்டுப் போகுது, பழைய கையெழுத்தோட ஒத்து வரலைன்னு திருப்பிட்டாங்க. வீட்ல உட்கார்ந்து பழைய பேப்பர்ல மறுபடி மறுபடி போட்டுப் பழகுனேன், ஒண்ணாங்கிளாஸ் புள்ள மாதிரி, பேனா மேல ரப்பர் பேண்ட் சுத்தி. நாலாவது பக்கத்துல கொஞ்சம் என் பேரு மாதிரி வந்துச்சு.

அக்கம்பக்கத்துல ஆளுக்கு ஒரு யோசனை. மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு எழுதிப் போடுன்னாங்க. விசாரிச்சா 2016 சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு, கேன்சர் அதுல இல்ல. ரத்த சோகை வகை சிலது இருக்கு, பார்கின்சன் இருக்கு, இது இல்ல. சரின்னு விட்டுட்டேன்.

எது கை கொடுத்துச்சுன்னா பிஎஃப். அதுல ஆளுக்கு ஒரு யூஏஎன் நம்பர்தான், ஆதாரோட ஒட்டியிருக்கு, கான்ட்ராக்டர் மாறினாலும் நம்பர் மாறல. பெரியவ பாஸ்புக்கை டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுத்தா, 2017 ஜூன்ல இருந்து மாசா மாசம் வரிசையா நிக்குது, 2022 ஆகஸ்ட்டுக்கு அடுத்து செப்டம்பர், நடுவுல ஒரு மாசம் விடல. அதோட பேங்க் ஸ்டேட்மெண்ட்ல சம்பளம் ஏறுன வரியெல்லாம் மஞ்சள் ஸ்கெட்ச்ல கோடு போட்டோம். மூணாவதா கம்பெனி எச்ஆர்ல இருந்து, இன்ன பொம்பளை இந்த ஷெட்டுல இத்தனை வருஷமா கான்ட்ராக்ட் மூலமா வேலை பார்க்கறாங்கன்னு ஒரு லெட்டர் வேணும். அவங்க எழுதித் தரத் தயங்குனாங்க, எழுதிக் கொடுத்தா பெர்மனென்ட் கேட்டுருவேனோன்னு பயம் போல. வீட்டுக்காரர் மூணு தடவை கேட்டுலயே நின்னுட்டு வந்தாரு. நாலாவது தடவை எங்க சூப்பர்வைசரக்காவே உள்ள போய் வாங்கிட்டு வந்தாங்க, என்ன பேசுனாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

எல்லாம் சேர்த்து ரெண்டு நம்பரையும் ஒண்ணாக்கச் சொல்லி டிசம்பர் 5-ம் தேதி, பச்சை வட்டத்துல, மனு கொடுத்தாச்சு. கவுன்ட்டர்ல அதே சார். டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டிட்டு, "இதுல ஹவுஸ்வைஃப்னு போட்டிருக்கே"ன்னாரு. ஜூலையில அட்மிஷன் அன்னைக்கு யாரோ எழுதுனது. என்னைக் கேட்கவே இல்ல. நைட்டி போட்டு ஸ்ட்ரெச்சர்ல படுத்திருந்தா ஹவுஸ்வைஃப்தான் போல.

இதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. டிசம்பர் கடைசியில போன் வருது, "ஏம்மா, நீங்க ஆகஸ்ட்ல வேலைக்குப் போயிருக்கீங்களே"ன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. ஆகஸ்ட்ல நான் ஆபரேஷன் பண்ண இடத்துல நீர் வடியற டிரெய்ன் பாட்டில் தொங்க விட்டுக்கிட்டு வீட்ல கிடக்கேன். பார்த்தா அந்த கன்சல்டன்ட் மகராசன், பழைய மாச லிஸ்ட்டை அப்படியே காப்பி பண்ணி ஆகஸ்ட்டுக்கும் போட்டு என் பேருக்கு நேரா 26 நாள் வேலைன்னு காசு கட்டியிருக்காரு. லீவுல இருக்கேன்னு 70 பெர்சென்ட் வாங்குன அதே மாசத்துல வேலையும் பார்த்த மாதிரி ஆயிப்போச்சு, அது திருட்டுக் கணக்கு, வாங்கின காசையே திருப்பிக் கேட்கலாம். வேலை பார்த்த அஞ்சு வருஷத்தைக் காணோம், பார்க்காத 26 நாள் பளிச்சுன்னு இருக்கு!

அன்னைக்கு சிவப்பு வட்டம். பெரியவ போனை என் கையில இருந்து வாங்கி வெச்சுட்டா. நான் ரெண்டு நாள் சுவத்தைப் பார்த்துக்கிட்டு படுத்திருந்தேன்.

கான்ட்ராக்டர்கிட்ட வீட்டுக்காரர் போனாரு. அவரு, ஆகஸ்ட்டைச் சரி பண்ணி லெட்டர் தர்றேன், ஆனா அக்காவை ஒரு ரிசைன் லெட்டர் எழுதித் தரச் சொல்லுங்க, எதுக்கு வம்பு, உடம்பு சரியானதும் சேர்த்துக்கறேன்னு பேசியிருக்காரு. வீட்டுக்காரருக்கு அது நியாயமாத்தான் பட்டிருக்கு, வெள்ளைப் பேப்பர் வாங்கிட்டே வந்துட்டாரு. நல்ல வேளை, யூனியன் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டோம். அந்த மனுஷன் போன்லயே கத்துனாரு. அப்ப இருந்த ஈஎஸ்ஐ சட்டம் 73-வது பிரிவுப்படி, நோய்ச் சலுகை வாங்கிட்டு இருக்கற காலத்துல வேலையை விட்டு நிறுத்தவோ தண்டிக்கவோ முடியாது. அதனாலதான் நீங்களே எழுதிக் கொடுங்கன்னு கேட்கறாங்க. "எழுதிக் கொடுத்தீங்கன்னா உங்க தொடர் சர்வீஸை நீங்களே கத்தரிச்ச மாதிரிங்க, எதுக்காக இவ்வளவு அலையறோம்"னாரு. இன்னொண்ணும் சொன்னாரு, அதுதான் எனக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்துச்சு: ஆபீஸ்ல முடியலைன்னா 75-வது பிரிவுல ஈஎஸ்ஐ கோர்ட் இருக்கு, அதுக்கு மூணு வருஷம் டைம் இருக்கு. மூணு வருஷம். நான் என்னமோ பொங்கலுக்குள்ள முடிக்கலைன்னா எல்லாம் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். கேஸ் போடப் போறமோ இல்லையோ, அவசரம் இல்லைங்கறது தெரிஞ்சதே பாதி மருந்து.

அந்த வெள்ளைப் பேப்பர்ல சின்னவன் ராக்கெட் பண்ணி விட்டான்.

பணம் எப்படி ஓடுச்சுன்னு கேட்பீங்க. அக்டோபருக்கு அப்புறம் நாலு மாசம் ஒரு பைசா இல்ல. குழு லோன் தவணை வாராவாரம் வரும், குழுல இருக்கற அக்காங்க மாத்தி மாத்தி கட்டுனாங்க. தோடும் வளையலும் அடகு கடைக்குப் போச்சு. காலேஜ் ஃபீஸுக்கு வீட்டுக்காரர் ராத்திரி லோடு ஓட்டுனாரு. இதுக்கு மேல எழுத வேண்டாம், எல்லா வீட்லயும் இதே கதைதான்.

ஜனவரி ஆரம்பத்துல பெரியவ மத்திய அரசு குறைதீர்ப்பு போர்ட்டல்ல ஒரு புகார் போட்டா. நான் பக்கம் பக்கமா எழுதச் சொன்னேன், அவ பத்தே வரி எழுதினா: ரெண்டு நம்பர், ரெண்டு தேதி, கொடுத்த பேப்பர் லிஸ்ட், இன்வர்டு தேதி. "உனக்கு வந்த கஷ்டமெல்லாம் அவங்களுக்கு வேண்டாம்மா, நம்பர் போதும்"னா. எனக்கு முகம் சுருங்கிருச்சு, ஆனா அவ சொன்னதுதான் சரி. பத்து நாள் கழிச்சு மேல் ஆபீஸ்ல இருந்து கேட்டாங்கன்னு சொல்லி அதே கவுன்ட்டர் சாரே போன் பண்ணாரு, மஸ்டர் ரோல், அதான் வருகைப் பதிவேடு, அதோட காப்பி ஒண்ணு இருந்தா ஆகஸ்ட் விஷயம் முடிஞ்சிரும்னாரு. கான்ட்ராக்டர் அப்ப மட்டும் வேகமா கொடுத்துட்டாரு, மேல இருந்து லெட்டர் போயிருக்கும்னு நினைக்கறேன். ஆகஸ்ட் பக்கத்துல என் பேருக்கு நேரா 'ஏ' 'ஏ' 'ஏ'ன்னு வரிசையா ஆப்சென்ட். என் வாழ்க்கையில ஆப்சென்ட் போட்டதுக்கு சந்தோஷப்பட்டது அன்னைக்குத்தான்.

பிப்ரவரி நடுவுல நம்பர் ஒண்ணாச்சு. மாச கடைசியில, ரேடியேஷன் வரிசையில நைட்டி மேல துண்டைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், மெசேஜ் வருது. அக்டோபர் 25-ல இருந்து பிப்ரவரி 25 வரைக்கும் 124 நாள், நாளுக்கு 440, மொத்தம் 54,560. பக்கத்துல இருந்த பாட்டிகிட்ட காட்டினேன், அதுக்கு என்ன புரிஞ்சுதோ, "நல்லாயிரு சாமி"ன்னு தலையைத் தடவுச்சு. பூனை முடி மாதிரி முளைச்சிருந்துச்சு அப்ப.

தோடு திரும்பி வந்துச்சு, வளையல் இன்னும் வரல. எங்க ஷெட்டுல மத்த 39 பேருக்கும் இப்பவும் ரெண்டு ரெண்டு நம்பர்தான். ஒவ்வொருத்தரையா ஞாயித்துக்கிழமை வரச் சொல்லி பெரியவ பழைய கார்டைப் பார்த்து மனு டைப் பண்ணிக் கொடுக்கறா, இதுவரைக்கும் 14 ஆச்சு. யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல, அதனால பாதிப் பேரு "பார்க்கலாங்க்கா"ன்னு போயிடறாங்க. நானும் அப்படித்தானே இருந்தேன்.

போன வாரம் புது கார்டை பிரிண்ட் எடுத்தோம். சேர்ந்த தேதி 2017 ஜூன்னு வந்துருச்சு. ஆனா போர்ட்டல்ல அந்த ஆகஸ்ட் 26 நாள் மட்டும் இன்னும் அப்படியே நிக்குது. ஃபைல்ல லெட்டர் இருக்கு, ஸ்க்ரீன்ல மாறல. பெரியவ கேட்கறா, "ஏம்மா, அந்த 26 நாளுக்கு கான்ட்ராக்டர்கிட்ட சம்பளம் கேட்டுப் பார்க்கலாமா?"